பிரியந்தி சொன்னதாக

பேச்சியம்மா பெட்டிக்குள் படுத்திருந்தாள். லயத்தில் ஒரு அடுப்பும் எரியவில்லை. ஆனால் பிரியந்தியின் அடுப்பு மட்டும் எல்லோருடைய போனிலும் எரிந்துகொண்டிருந்தது.

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது மாறாத வழக்கம். ஒரு லயத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கிறவரை அந்த வரிசை வீடுகளில் எந்தக் காம்பராவிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பசித்தால் மேல் லயத்திலிருந்து சோறு வரும். தேயிலைச் சாயத்தண்ணி வாளியில் வரும். சண்டைபோட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட இதை மீறியதில்லை.

அப்படிப்பட்ட காலையில் பக்கத்துக் காம்பரா சுலக்ஷனா போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னா மதினி இது? நாங்கெல்லாம் வெறும் வயித்தோட குந்தியிருக்கோம், நீங்க ரொட்டி சுட்டுச் சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

பிரியந்தி எட்டிப் பார்த்தாள். போனில் அவளேதான். பூப்போட்ட சட்டையும் தலையில் துண்டுமாக, தேங்காய் ரொட்டியைக் கல்லில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மியில் மிளகாய் அரைத்த கட்டச் சம்பல் சிவந்து கிடந்தது. மேலே எழுதியிருந்தது: 'இன்று காலை, சுடச்சுட எங்கள் லயத்திலிருந்து.'

"அய்யோ, இது போன கிழமை எடுத்தது புள்ள! இன்னைக்கி இல்ல!"

"எனக்குத் தெரியும். பாக்குறவங்களுக்குத் தெரியுமா? கடைசி வரைக்கும் பாருங்க."

கடைசியில் பேச்சியம்மா வந்தாள். படம் எடுக்கும்போதெல்லாம் கூப்பிடாமலே வந்து எட்டிப் பார்ப்பதுதானே அவள் பழக்கம். ரொட்டியில் ஒரு ஓரம் பிய்த்து, சம்பலில் தொட்டு வாயில் போட்டு, கண்ணை ஒரு மாதிரி சுருக்கிக்கொண்டு சொன்னாள்: "உப்பு பத்தல."

பிறகு பொக்கை வாயால் சிரித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அதே வாய்க்குக் கீழே துணியால் நாடிக்கட்டுப் போட்டிருந்தார்கள்.

*

கொஞ்சம் பொறுங்கள், அவளைத் திட்டிவிடாதீர்கள். நடந்தது இதுதான்.

'லயத்து அடுப்பு' என்று பெயர் வைத்து பிரியந்தி போனில் அந்தச் சமையல் பேஜைத் தொடங்கியபோது அவளுக்கு அது விளையாட்டு. கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து, தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே சமைப்பாள். அந்தப் பேச்சுக்குத்தான் சனம் கூடியது. குவைத்தில், துபாயில், கொழும்பில் வேலைசெய்கிற மலைநாட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஊர்க்கதை எழுதினார்கள். எல்லோருக்கும் 'என்னா தங்கம்', 'சாப்டியா சாமி' என்று அவளே பதில் போட்டாள். கூட்டம் பெருகப் பெருக முடியவில்லை. நல்லது எழுதுகிறவர்களுக்கு நடுவில் கெட்டது எழுதுகிறவர்களும் வந்தார்கள். சோறு வடிக்கும்போதும் போன், குளிக்கும்போதும் போன். கொழும்பிலே கடையில் வேலைசெய்கிற அவள் புருஷன் பிரதாப், "நீ சமைக்கிறத மட்டும் பாரு, மத்தத யாருகிட்டயாவது குடுத்துரு" என்றான்.

அப்படிக் கிடைத்தவள்தான் ஹட்டன் டவுனில் இருக்கிற ஹனா. வாப்பாவின் புடவைக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து நாலைந்து பேரின் பேஜ்களைப் பார்த்துக்கொண்டிருந்த கெட்டிக்காரப் பிள்ளை. பிரியந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை திரும்புகிற மாரியம்மன் கோயில் முடக்குக்குப் போய் — அங்கேதான் சிக்னல் ஒழுங்காக வரும் — எடுத்த படங்களையெல்லாம் அனுப்பிவிடுவாள். ஹனா வெட்டி ஒட்டி, எந்த நாள் எந்த நேரம் வெளியே போகவேண்டும் என்று முன்னாலேயே பூட்டி வைத்துவிடுவாள். பதில்களும் அவளே போடுவாள். பிரியந்தியின் பழைய பேச்சுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, 'தங்கம்', 'சாமி' எல்லாம் அவளுக்குத் தானாக வந்துவிட்டது.

"அக்கா, இனி நீங்க பேஜ் பக்கமே வராதீங்க. மனசு கெட்டுப் போகும். நான் இருக்கேன்தானே" என்று போனிலே சொன்னாள். இரண்டு பேரும் நேரில் பார்த்ததேயில்லை. பிரியந்தி தன் போனிலிருந்து பேஜை எடுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

*

சுலக்ஷனா போன சற்று நேரத்தில் கணேசமூர்த்தி வந்தான். பேச்சியம்மாவின் மகன். இரவெல்லாம் அழுத கண். அதில் இப்போது கோபமும் சேர்ந்திருந்தது.

"நீ என்னா காரியம் பண்ணி வச்சிருக்க பிரியந்தி? இதக் கேளு."

குவைத்தில் வீட்டுவேலை செய்கிற அவன் தங்கை நாகலெட்சுமி பேசி அனுப்பிய குரல் அது.

"அண்ணே, மறுபடியும் பொய்யா? உன் மக சடங்குக்கு நான் வரணும்னு அன்னைக்கும் அம்மாவுக்கு முடியலன்ன. வேலைய உட்டுட்டு ஓடியாந்தா, அம்மா விறகு தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுது. இன்னைக்கிக் காலையில ரொட்டி திங்கிது அது! பிரியந்திகிட்டயே கேட்டுட்டேன். சூப்பரா இருக்காங்களாம். டிக்கெட் வேணாம்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன். இனிமே எனக்குப் பேசாத."

அதோடு அண்ணனின் நம்பரை அடைத்துவிட்டாள்.

பிரியந்திக்கு ஒன்றும் ஓடவில்லை. "எங்கிட்டயா கேட்டா? எப்ப கேட்டா?"

"பேஜ்ல கேட்ருக்கா. நீ பதில் போட்ருக்க."

"நான் போடலண்ணே!"

"அப்ப யாரு போட்டது? ஒன்னோட படம், ஒன்னோட பேரு!"

அவள் முடக்குக்கு ஓடினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில், செருப்பு வழுக்க, மழைத்தூறலில். கோயில் சுவரோரம் நின்று, வேற்றாள் மாதிரி தன் பேஜையே தேடித் திறந்தாள். அங்கே நாகலெட்சுமி எழுதியிருந்தாள்: 'பிரியந்தி, எங்கம்மா நல்லா இருக்காங்களா? அண்ணே முடியலைங்குது. பயமா இருக்கு.'

அதற்குக் கீழே 'லயத்து அடுப்பு' சொல்லியிருந்தது: 'அம்மா சூப்பரா இருக்காங்க தங்கம். ரொட்டிய ரசிச்சி சாப்டாங்க பாத்தீங்கதானே.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

அசல் அவள் பேச்சுதான். தானே எழுதித் தானே மறந்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். நேற்றுப் பொழுது சாய பேச்சியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், கணேசமூர்த்தி தங்கைக்குப் போன் பண்ணினான். 'அம்மாவுக்கு முடியல, உடனே வா' என்றுதான் சொன்னானே தவிர, செத்துப்போச்சு என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது. தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளையிடம் சாவைப் போனில் சொல்வது அந்தச் சனத்துக்கு ஆகாது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, நாலு பொம்பளைகள் கட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் அந்தச் சொல் வாயிலிருந்து வரும். நல்ல மனசால் செய்கிற வழக்கம் அது. அன்றைக்கு அதுதான் பொய்யாய்ப் போய் நின்றது.

ஹனாவுக்கு அடித்தாள். கிடைக்கவில்லை. திரும்ப அடித்தாள். திரும்ப. ஒருவழியாக ரயில் சத்தத்துக்கு நடுவில் ஹனாவின் குரல் கேட்டது.

"அக்கா? கண்டியில இருந்து வாறேன், ரயில்ல..."

"ஹனா, அந்த ரொட்டி வீடியோல வர்ற பாட்டி... செத்துப்போச்சும்மா. நேத்து."

"யா அல்லாஹ்."

"அது மகளுக்கு நீ என்னா எழுதின?"

"எனக்குத் தெரியாதேக்கா... சத்தியமாத் தெரியாது. நீங்க சொல்லலியே... வீடியோல நல்லாத்தானே இருந்தாங்க, அதான்..." பிள்ளை அழுதுவிட்டது. "இப்பவே அழிச்சிர்றேன் அக்கா. எல்லாத்தையும் அழிச்சிர்றேன்."

"அழிக்காத! அழிச்சா எதையோ மறைக்கிறோம்னு நெனப்பா."

"அப்ப அழகா ஒன்னு எழுதிப் போடவா? உங்க பேரால அனுதாபம் மாதிரி..."

"வேணாம்மா. என் பேரால இனி ஒன்னும்..."

ரயில் சுரங்கத்துக்குள் போனதோ என்னவோ, குரல் அறுந்துவிட்டது.

கணேசமூர்த்தியிடம் வாங்கி வந்த நம்பருக்கு பிரியந்தி நேராகவே அடித்தாள். நாகலெட்சுமி எடுக்கவில்லை. குரலிலே பேசி அனுப்பினாள்: "அக்கா, நான் பிரியந்தி. அண்ணே சொன்னது உண்மைதாங்க்கா. அந்த ரொட்டி வீடியோ போன கிழமை எடுத்தது. கெளம்பி வாங்க."

பதில் எழுத்திலே வந்தது.

'பேஜ்ல எல்லாருக்கும் தெரிய நல்லா இருக்காங்கன்ன. இப்ப ரகசியமா முடியலைங்கிற. அண்ணே பக்கத்துல நிக்கிதா? ரெண்டுல எது உண்மை பிரியந்தி?'

*

லயத்துக்குத் திரும்பி வந்தபோது பேச்சியம்மா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் தலைவர் செல்லசாமி உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் நல்லது கெட்டதுக்கு அவர் சொல்தான். தகரப் பந்தலில் தூறல் விழுகிற சத்தம். தப்படிக்கிறவர்கள் தோலைக் காய்ச்ச நெருப்புக்கூட மேல் லயத்தில்தான் மூட்டியிருந்தார்கள்.

"மாமா, நான் நாகலெட்சுமிகிட்ட சொல்லிர்றேன்."

"எத?"

"நடந்தத."

"வாயில வரக்கூடாது." அவர் குரலை உயர்த்தவில்லை. "முந்தி வெளிநாட்டுல இருந்த நம்ம தோட்டத்துக் கீழ்ப்பிரட்டுப் புள்ள ஒருத்திக்கு இப்புடித்தான் போன்ல சொல்லி, கேட்ட எடத்துலயே மாடிப்படியில உழுந்துருச்சு. ஒனக்குத் தெரியாது. இவளும் ஆளு பேரு இல்லாத எடத்துல இருக்குற புள்ள."

"சொல்லாட்டி வரமாட்டா மாமா. பொய்யினு நெனைக்கிறா."

"அப்ப வராமப் போகட்டும். நாளைக்கி மத்தியானத்துக்கு மேல உடம்பு தாங்காது, எடுத்துருவோம். உசுரோட இருக்குறவ உசுரோட இருக்கட்டும்."

"அம்மா மொகத்த பாக்காமயா?"

"நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் அவ பொட்டி கட்டியிருப்பா" என்று உள்ளே இருந்து கணேசமூர்த்தியின் பெண்சாதி கத்தினாள். "ஊருக்கெல்லாம் தங்கம் சாமின்னு கொஞ்சத் தெரியுது. பக்கத்துக் காம்பராவுல ஆளு செத்துக் கெடக்குறது தெரியல!"

பிரியந்தி தன் காம்பராவுக்குள் போனாள். வெளியே வந்தாள். திரும்ப உள்ளே போனாள். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. குவைத் ப்ளேன் சாயந்தரம் கிளம்பிவிடும். அதற்குள் அவள் நம்பவேண்டும். நம்ப வேண்டுமென்றால் சொல்லவேண்டும். சொல்லக் கூடாது. இந்த மூன்றும் தலைக்குள் செக்குமாடு மாதிரிச் சுற்றின.

அடுப்படியில் போய் நின்றாள். நேற்று அள்ளாத சாம்பல். கவிழ்த்து வைத்த ரொட்டிக் கல். ஓரம் நசுங்கிய அதே கல்தான் போனில் இன்றைக்கு ஆயிரமாயிரம் பேருக்கு முன்னால் புகைந்துகொண்டிருக்கிறது.

அவள் போனை எடுத்தாள்.

முதலில் கடைசிக் காம்பராவுக்குப் போனாள். கதவைத் தட்டினாள். "அடுப்படியப் பாத்துக்கிறேன்" என்றாள். படம் எடுத்தாள். அடுத்த காம்பரா. அதற்கடுத்தது. சுலக்ஷனா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, உங்களுக்குப் பைத்தியமா? இப்பவும் வீடியோவா? சாவு வீட்டையும் விக்கிறீங்களா?"

"பேஜுக்கு இல்ல புள்ள. ஒருத்திக்கி."

என்ன முகத்தில் இருந்ததோ, சுலக்ஷனா விலகி நின்றாள். பிறகு தானே உள்ளே போய், அடுப்புக்கு மேலே தொங்கிய ஈரத் துணியை ஒதுக்கிக்கொடுத்தாள்.

பிரியந்தி வாயே திறக்கவில்லை. வாயில் வரக்கூடாது என்று செல்லசாமி மாமா சொன்னாரே. வரிசையாக அடுப்புகள். ஒன்றில் சாம்பல். ஒன்றில் மூட்டத் தயாராக வைத்து அப்படியே விட்ட சுள்ளி. ஒன்றில் கேஸ் அடுப்பு, அதற்கு மேலே ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. சூடு இருந்தால் படுக்குமா? கடைசியில் தன் அடுப்பு. நசுங்கிய கல்லை நிமிர்த்தி, காலை வீடியோவில் ரொட்டி வெந்த அதே கோணத்தில் போனைச் சாய்த்து, தன் உள்ளங்கையைச் சாம்பலில் அழுத்தி எடுத்துக் காட்டினாள். பொழுது உச்சிக்கு ஏறுகிறது, ஒரு லயமே பச்சைத் தண்ணி கொதிக்கவைக்காமல் இருக்கிறது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

முடக்குக்கு ஓடி அனுப்பினாள். வட்டம் சுற்றியது. நின்றது. சுற்றியது. கையைத் தூக்கிப் பிடித்தாள், கோயில் படியில் ஏறி நின்றாள், அந்தப் பக்கம் மதகுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கொழுந்துக்குப் போன பெண்கள் மலையிலிருந்து அவளையே பார்த்தார்கள். எப்படியோ போய்ச் சேர்ந்தது. நாகலெட்சுமி பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மாடிப்படி. செல்லசாமி மாமா சொன்ன அந்த மாடிப்படி பிரியந்தியின் கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது. "அக்கா" என்று எழுதினாள். "அக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று எழுதினாள்.

வெகுநேரம் கழித்து வந்தது.

'எப்ப?'

'நேத்து பொழுது சாயக்கா.'

'ஒரு பிலிப்பைன்ஸ் புள்ள இருக்கு. கையப் புடிச்சிக்கிட்டு இருக்கு. அம்மாவ எடுத்துறாதீங்க. வாறேன்.'

பிரியந்தி கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

அன்றைய ப்ளேனில் இடம் போய்விட்டது. நள்ளிரவு தாண்டிப் புறப்படுகிற வேறொன்றில்தான் மேடம் இடம் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் மத்தியானமும் போனது. செல்லசாமி மாமா வானத்தைப் பார்ப்பார், பாதையைப் பார்ப்பார். எடுக்கிற நேரம் என்று அவர் சொன்னது தாண்டிய பிறகும் யாரையும் பெட்டியைத் தொட விடவில்லை. லயத்துப் பிள்ளைகள் இரண்டாம் நாளும் மேல் லயத்துச் சோற்றைத் தின்றுவிட்டு வெள்ளைக்கொடி கட்டிய கம்பங்களைச் சுற்றி ஓடின.

நாகலெட்சுமியைக் கூட்டிவரப் போன கிஷாந்தின் வேன் முடக்கில் ஹோர்ன் அடித்துக்கொண்டே திரும்பியதும் தப்பு அடி மாறியது. நாகலெட்சுமி இறங்கினாள். வழியெல்லாம் அழுது முடித்துவிட்டாளோ என்னவோ, சத்தமே இல்லை. அண்ணனைப் பார்க்கவில்லை. நேரே போய், பெட்டிக்குள் குனிந்து, அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். அப்படியே இருந்தாள். பெண்கள் மெல்ல நகர்ந்து இடம் விட்டார்கள்.

பிறகு எடுத்தார்கள். ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பி வரும்போது லயத்தில் ஒவ்வொரு கூரையிலும் புகை கிளம்பியிருந்தது.

பிரியந்தி சாயத்தண்ணிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தபோது நாகலெட்சுமி வந்தாள். தலைமுழுகிய ஈரம் சொட்ட, இஸ்தோப்புத் திண்டில் உட்கார்ந்தாள். அதே திண்டின் மறுமுனையில், காலையிலிருந்து யாரோடும் பேசாமல், தலைத்துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஹனா. ஹட்டனிலிருந்து வாப்பாவோடு வந்தவள். வாப்பா ஆண்களோடு மயானத்துக்குப் போய்விட்டார்.

"பிரியந்தி, ஒன்னு கேக்குறேன். சூப்பரா இருக்காங்கன்னு எழுதினது நீயா?"

உலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் பிரியந்தி. "இல்லக்கா. எனக்குப் பதிலா எழுதறதுக்கு ஆளு வச்சிருந்தேன்."

"அந்த ஒன்னு மட்டுமா?"

"இல்லக்கா. இந்த வருசம் பூராவும்."

நாகலெட்சுமி அவளையே பார்த்தாள். "அப்ப, வேல முடிஞ்சி படுக்கையில இத்தன மாசமா நான் யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

பிரியந்திக்கு விளங்கவில்லை. "பேசினீங்களா? எங்கிட்டயா?"

"காலு வீங்கி நிக்க முடியலன்னு எழுதினேனே. வெந்நியில உப்புப் போட்டு வையி தங்கம்னு சொன்னியே. மேடம் அடிச்ச அன்னைக்கி விடிய விடிய என்னைய விடாமப் பேசிக்கிட்டு இருந்தியே. அதெல்லாம்?"

பிரியந்தியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. மேடம் அடித்தாளா? கால் வீங்கியதா? பக்கத்துக் காம்பராக்காரி, கூடவே கொழுந்து பறித்தவள். அவளுக்கு நடந்தது ஒன்றும் இவளுக்குத் தெரியாது.

திண்டின் மறுமுனையில் ஹனா எழுந்து நின்றாள்.

"நான்தான் அக்கா" என்றாள். திரும்பச் சொன்னாள். "நான்தான். உங்க உம்மாவுக்கு நடந்தது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா... மத்ததெல்லாம் நான் பொய்யாச் சொல்லல்ல அக்கா."

நாகலெட்சுமி அடிப்பாளோ என்று சுலக்ஷனா ஓரடி முன்னுக்கு வந்தாள்.

நாகலெட்சுமி ஹனாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "உப்புத் தண்ணி சொன்னது?"

"எங்க உம்மா அப்பிடித்தான் செய்வாங்க."

"சின்னப் புள்ளையா இருக்கியே" என்றாள் நாகலெட்சுமி. திண்டில் பக்கத்தில் இருந்த ஈரத் துணியை எடுத்து மடியில் வைத்து இடம் பண்ணினாள். ஹனா உட்கார்ந்தாள். பிறகு இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் என்னவோ பேசத் தொடங்கினார்கள். பாதியில் விட்ட பேச்சைத் தொடர்கிறவர்கள் மாதிரி, பெயர் சொல்லாமல், முன்பின் விளக்காமல்.

பிரியந்தி சாயத்தண்ணியை மூன்று கோப்பையில் ஊற்றினாள். தட்டில் வைத்துக்கொண்டு வாசல்படி வரைக்கும் வந்தாள். தன் வீட்டு இஸ்தோப்புதான். ஆனாலும் அந்தப் பேச்சுக்கு நடுவில் எப்படி நுழைவது என்று தெரியாமல் நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது. கை சுட்டது.

நாகலெட்சுமி திரும்பாமலே கையை நீட்டி ஒரு கோப்பையை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள்.

"சீனி பத்தல" என்றாள்.

பிரியந்தி சீனி எடுக்க உள்ளே ஓடினாள்.